கன்ஹேரி ஏற்றத்தில் கற்ற பாடம்

மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர்க்கு மலை என்றதும் குற்றாலமும் பொதிகையுமே நினைவிற்கு வரும். ஆயினும் மும்பையின் எல்லைக்குள்ளேயே, போரிவலியிலுள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில், மலையும் காடும் உள்ளன. அங்கே பௌத்தத் துறவியர் பாறையைக் குடைந்து அமைத்த கன்ஹேரிக் குகைகள் 100-க்கு மேற்பட்டவை. பூங்கா வாயிலிலிருந்து குகைகளுக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர். கடைசிப் பகுதி செங்குத்தான ஏற்றம்.

போனஸ் வந்த கையோடு எம் தம்பிக்கு ஒரு மலை மிதிவண்டி வாங்கினோம். முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த பளபளப்பான வண்டி. கடைக்காரர் புகழ்ந்தார், நாமும் மயங்கினோம்.

மறு ஞாயிறன்று தம்பி புதுவண்டியிலும், நாம் வாயிலில் கிடைத்த வாடகை மிதிவண்டியிலுமாகப் புறப்பட்டோம். தம்பி மிதிக்க மிதிக்கப் பின் ஸ்பிரிங் அமுங்கியதேயன்றி வண்டி விரையவில்லை. வாடகை வண்டி முந்திற்று! இறங்கும்பொழுதோ பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. வளைவில் எதிரே பேருந்து வரவே, புதரில் சாய்ந்து உயிர் தப்பினான். முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. ஊரிலுள்ள அன்னைக்கு இன்னும் சொல்லவில்லை.

இவ்வகை வண்டி பிறந்த கதையும் பிரேக்கின் கதையே. 1970-களில் கலிபோர்னியாவின் மரின் மாவட்ட இளைஞர்கள், தடித்த டயர் கொண்ட பழைய மிதிவண்டிகளில் மலைச்சரிவில் இறங்கினர். சூட்டில் பிரேக்கின் கிரீஸ் உருகிப் புகைந்தது. ஒவ்வொரு முறையும் மீண்டும் அடைக்க வேண்டியிருந்தது. 1976-இல் பந்தயம் தொடங்கிய அந்த இறக்கத்திற்கே அதனால் 'ரீபேக்' எனப் பெயர் வந்தது. நல்ல பிரேக்கும் கியரும் பின்னரே பூட்டினர்.

ஆதலின் முதல் வண்டி வாங்குவோர்க்குச் சொல்வோம்: இருபுறமும் கால் ஊன்றி நின்றால் மேற்குழாய்க்கும் உடலுக்கும் இடையே 2 அங்குலமேனும் இடைவெளி வேண்டும். குறைந்த விலையில் பின் ஸ்பிரிங் வேண்டா. அது வீண் சுமை. நம் மழைக்கு டிஸ்க் பிரேக் நன்று. பிற மாற்றங்களைச் சில மாதம் ஓட்டியபின் செய்க. முதலில் பிரேக் கட்டை, அடுத்து டயர், பிறகே கியர்.

அவ்வண்டியை நட்டத்திற்கு விற்று, எளிய வண்டியொன்று வாங்கினோம். இப்பொழுது தம்பி மேலே ஏறிச்சென்று, குகை வாயிலில் எமக்காகக் காத்திருக்கிறான்.