றவுட்டரின் மூன்று மணி

இன்று எமது ஊரில் றவுட்டர் இல்லாத வீடுகள் குறைவு. கொரோனா காலத்தில் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் சூமிலும் வட்ஸ்அப்பிலும் நடந்தபோது பல வீடுகளுக்குள் அது வந்து சேர்ந்தது. அலுமாரிக்கு மேலே பச்சை விளக்குகளை மினுக்கிக்கொண்டிருக்கும் அந்தச் சிறிய பெட்டியை, அது ஒழுங்காக வேலை செய்யும் வரை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் அதைத் திரும்பிப் பார்க்க வைத்தவை வாப்பாவின் கோல்கள்.

வாப்பா குவைத்தில் வேலை செய்கிறார். குவைத் நேரம் எமது நேரத்தைவிட இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. அவரை வேலைக்கு ஏற்றிச் செல்லும் பஸ் அங்கு காலை 6.15க்கு வரும். எங்களுக்கு அது 8.45. அதற்கு முந்திய இருபது நிமிடங்கள்தான் வேலை நாட்களில் எங்களுக்கு உரியவை. அறையிலுள்ள வைபையில்தான் அவர் பேசுவார். வீதிக்கு இறங்கிவிட்டால் அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

கோல் வந்ததும் போன் முதலில் மூத்தம்மாவின் கைக்குத்தான் போகும். சலாம், சுகம், சாப்பாடு என்று அவர் விசாரித்து முடிக்க நாலைந்து நிமிடமாகும். பிறகு உம்மா வாங்குவார். நானாவின் வகுப்புக் கட்டணம், ஒழுகும் கூரை என்று அவர் ஒன்றைத் தொடங்கியதும் திரை அப்படியே உறைந்து நிற்கும். மறுபடி தொடர்பு கிடைக்கும்போது வாப்பா பஸ்ஸுக்கு இறங்கியிருப்பார்.

ஒரு நாள் நடந்தால் “லைன் சரியில்லை” என்று விட்டுவிடலாம். மாதக்கணக்கில் நடந்தது. வெள்ளிக்கிழமை வாப்பாவுக்கு விடுமுறை. அன்று ஜும்ஆவுக்குப் பிறகு ஆறுதலாகப் பேசுவார். எந்தத் தடங்கலும் இராது. அதனால் உம்மாவின் மனதில் வேறொரு எண்ணம் விழுந்தது. “காசுக் கதை எடுத்தா மட்டும் வெட்டுறார்” என்று ஒரு முறை மூத்தம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். வாப்பாவோ, “உங்க உம்மாக்கு என்னோட கோபமா மகள்?” என்று எனக்கு வட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். யாரும் யாரையும் நேரே கேட்கவில்லை.

பாடசாலை நாட்களில் அந்த நேரம் நான் வகுப்பறையில் இருப்பேன். டிசம்பர் விடுமுறையில்தான் பக்கத்தில் இருந்து பார்க்கக் கிடைத்தது. கொப்பியின் பின்பக்கத்தில், தொடர்பு அறும் நேரத்தை ஒவ்வொரு நாளும் குறித்தேன். சனி 8.30. ஞாயிறு 8.30. திங்கள் 8.30. அடுத்த வெள்ளிக்கிழமையும் 8.30. அன்று வாப்பா பேசவில்லை. ஆனாலும் றவுட்டரின் விளக்குகள் எல்லாம் அணைந்து மீண்டும் எரிந்தன. பழுதுக்கு நேரம் தெரியாது. இவ்வளவு ஒழுங்காக நடப்பது யாரோ இட்ட கட்டளையாகத்தான் இருக்க வேண்டும்.

நானாவின் உதவியோடு றவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தோம். அங்கே கட்டளை இருந்தது: தினமும் 3.00 மணிக்கு மீள இயங்கு. பெட்டியைப் பொருத்தித் தந்தவர், எல்லோரும் தூங்கும் நேரம் என்று நினைத்து அதைப் போட்டிருக்க வேண்டும். நல்ல எண்ணம்தான். நாட்கணக்காக ஓடும் றவுட்டர் சில வேளை நினைவகம் நிரம்பித் தளரும். ஒரு முறை அணைந்து எழுந்தால் தெளிவாகும். ஆனால் அதே பக்கத்தின் மூலையில் றவுட்டர் காட்டிய நேரத்தைப் பார்த்தபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. சுவர்க் கடிகாரத்தில் காலை 9.10. றவுட்டரில் 3.40.

ஐந்தரை மணித்தியால வித்தியாசம்! புவியியல் பாடத்தில் நாம் படித்ததுதான். பூமி 15 பாகை சுழல ஒரு மணித்தியாலம். எமது நியம நேரம் கிழக்கு நெடுங்கோடு 82½ பாகைக்குரியது. பதினைந்தால் வகுத்தால் ஐந்தரை. எங்கள் வீட்டு அலுமாரியின் மேல் இருந்த பெட்டி கிறீன்விச் நேரத்தில் வாழ்ந்துகொண்டிருந்தது. அதன் அதிகாலை மூன்று மணிதான் எங்கள் எட்டரை. வாப்பாவின் ஆறு மணி.

இது எப்படி நேர்ந்தது? கணினிக்குள் சிறிய பற்றரி இருப்பதால் கரண்ட் போனாலும் அதன் கடிகாரம் ஓடும். வீட்டு றவுட்டர்களில் பெரும்பாலும் அது இல்லை. அணைந்து எழுந்ததும் பல றவுட்டர்களுக்கு அன்று 1970 ஜனவரி 1. கணினிகள் பல காலத்தை எண்ணத் தொடங்கும் நாள் அது. எமது நாடு இன்னும் ‘சிலோன்’ என்று இருந்த காலம். எங்கள் றவுட்டரின் பதிவேட்டிலும் ஒவ்வொரு நாளும் முதல் வரிகள் 1970 என்றே இருந்தன. பிறகு அது இணையத்திலுள்ள நேர வழங்கியிடம் சரியான நேரத்தைக் கேட்டுக்கொள்கிறது. என்.ரீ.பி. எனப்படும் இந்த ஏற்பாட்டை உருவாக்கியவர் டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்கர். 1985இல் அது முதன்முதலாக ஆவணமாக வெளிவந்தது. குளுக்கோமா நோயால் பிறவியிலிருந்தே பார்வை குறைந்தவர். இறுதிக் காலத்தில் பார்வையை முற்றாக இழந்தார். 2024இல் அவர் மறைந்தார். உலகின் கடிகாரங்களைச் சேர்த்துவைத்தவருக்குக் கடிகாரத்தைப் பார்ப்பதே கடினமாக இருந்திருக்கிறது.

அந்த ஏற்பாடு உலகப் பொது நேரத்தை மட்டுமே சொல்லும். நாம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதை றவுட்டரிடம் நாமே சொல்ல வேண்டும். எங்கள் பெட்டியில் அதை எவரும் சொல்லியிருக்கவில்லை.

இதை விளக்கியபோது மூத்தம்மா சிரித்தார். “அந்தக் காலத்துல நாங்களும் ‘பழைய நேரமா, புதிய நேரமா’ண்டு கேட்டுத்தான் கலியாணத்துக்குப் போன” என்றார். 1996 மே மாதம் இலங்கை நேரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பினோம். அதனால் பழைய கருவிகள் சிலவற்றின் பட்டியலில் எமது நாடு ஆறு மணித்தியாலத்தின் கீழ் இருப்பதையும் காணலாம்.

நேர வலயத்தை ஐந்தரைக்கு மாற்ற ஒரு நிமிடமும் ஆகவில்லை. அடுத்த நாள் எட்டரை மணி கடந்தும் திரை உறையவில்லை. உம்மா கூரையைப் பற்றிச் சொல்லி முடித்தார். வாப்பா கேட்டு முடித்தார். “இவ்வளவு நாளும் நீங்க வெட்டுறண்டுதான் நினைச்சேன்” என்று இருவருமே சொன்னார்கள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இவ்வாறு நேர்ந்தால் முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். றவுட்டர் பக்கத்தில் ‘இயங்கிய காலம்’ எவ்வளவு என்று பாருங்கள். அது சில நிமிடம்தான் என்றால் பெட்டியே அணைந்து எழுந்திருக்கிறது. பல நாட்கள் என்றால் பிழை வெளி இணைப்பில். மீள இயங்கவே இல்லை என்பது உங்கள் பிரச்சினையானால், திகதி 1970இலேயே நிற்கிறதா என்று பாருங்கள். நேரம் கிடைக்காத பெட்டிக்கு மூன்று மணி எப்போது என்று தெரியாது. கோடைகால நேரம் என்ற தெரிவு எமக்குத் தேவையில்லை. அதை நிறுத்தி வையுங்கள்.

மீள இயங்கும் நேரத்தையும் வீட்டாரோடு பேசித் தெரிவுசெய்யுங்கள். மூன்று மணி எல்லோரும் தூங்கும் நேரம் என்பது ரமழானில் பொருந்தாது. ஸஹருக்கு வீடு விழித்திருக்கும். நாங்கள் அதிகாலை இரண்டு மணியைத் தெரிவுசெய்தோம். குவைத்தில் அப்போது இரவு பதினொன்றரை. அந்த நேரம் வேண்டும் என்று கேட்டவர் வாப்பாதான். அப்போது தான் தூங்கியிருப்பாராம்.