மிடில் குமிழ் படும் பாடு

எலெக்ட்ரிக் கிடாரும் சின்னதாக ஒரு ஆம்ப்பும் வாங்கிய பையன்கள் அநேகமாக எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். கெயினை முழுக்க ஏற்றுவது, பேஸ், ட்ரெபிள் இரண்டையும் எட்டில் வைப்பது, மிடிலைப் பூஜ்ஜியத்துக்கு இறக்குவது. அறைக்குள் கேட்க அபாரமாக இருக்கும்! அதையே மேடைக்குக் கொண்டுபோனால், ட்ரம்ஸும் பேஸ் கிடாரும் சேர்ந்த அடுத்த நிமிடம் ஆளையே காணோம். கை அசைகிறது, கிடார் கேட்கவில்லை. உடனே வால்யூமை ஏற்றுவார். பாடுகிறவர் முறைப்பார். (பல குழுக்கள் உடைவது இங்கேதானோ என்னவோ.)

இதில் காதைக் குறை சொல்ல முடியாது. சத்தம் குறைவாக இருக்கும்போது மனிதக் காதுக்கு அடி ஒலிகளும் உச்ச ஒலிகளும் மங்கலாகத்தான் கேட்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே இதை அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். அதனால் வீட்டில் அந்த இரண்டையும் ஏற்றினால் சுகமாக இருக்கிறது. மேடைச் சத்தத்தில் காது அவற்றைத் தானாகவே நன்றாகக் கேட்கும். ஏற்றி வைத்த பேஸ் வெறும் உறுமலாகிவிடும். கீழே பேஸ் கிடார், மேலே சிம்பல். கிடாருக்கு மிச்சமிருப்பது நடு இடம். அதைத்தான் பூஜ்ஜியமாக்கியாயிற்றே!

சரி, யாராவது எழுதிவைத்த எண்களை அப்படியே வைத்தால்? அதுவும் உதவாது. பழைய ஃபெண்டர் ஆம்ப்களில் மூன்று குமிழையும் ஐந்தில் வைத்தாலே நடு ஒலி பள்ளமாகத்தான் இருக்கும். பேஸும் ட்ரெபிளும் பூஜ்ஜியம், மிடில் பத்து என்று வைத்தால்தான் ஓரளவு சமமாக வரும். இன்னொரு கம்பெனி ஆம்ப்பில் அதே ஐந்து வேறு ஐந்து.

எண்ணை விட்டுவிட்டு, அந்த இசைக்கு என்ன தேவை என்று பார்க்கலாம். ஜாஸில் ஒரு கார்டுக்குள் நாலைந்து ஸ்வரங்கள். ஒவ்வொன்றும் தனியாகக் கேட்க வேண்டும். கெயின் ஏறினால் அவை ஒன்றோடொன்று கலந்து, வாசிக்காத ஒலிகளெல்லாம் முளைக்கும். எனவே கெயின் குறைவு, ட்ரெபிளும் குறைவு. ராக், மெட்டல்காரர்கள் இரண்டே ஸ்வரங்களில் பவர் கார்டு பிடிப்பதும் இதே காரணத்துக்காகத்தான். கன்ட்ரிக்கு கெயினே வேண்டாம், ட்ரெபிள் தூக்கலாக இருந்தால் போதும்.

ப்ளூஸ்தான் சுவாரசியம். கெயினை ஒரு விளிம்பில் நிறுத்த வேண்டும்: மெல்லத் தட்டினால் சுத்தம், அழுத்தினால் கரகரப்பு. 1966ல் ஜான் மேயாலின் ஆல்பத்துக்கு எரிக் கிளாப்டன் வாசித்த மார்ஷல் ஆம்ப்பில் மாஸ்டர் வால்யூமே கிடையாது. கரகரப்பு வேண்டுமென்றால் சத்தத்தையே ஏற்றியாக வேண்டும். ஸ்டுடியோவில் குறைக்கச் சொல்லியும் அவர் குறைக்கவில்லை.

மெட்டல் ரசிகர்கள் உடனே மெட்டாலிகாவின் 1988 ஆல்பத்தைக் காட்டுவார்கள், மிடில் இல்லாமலே எவ்வளவு கனம் பாருங்கள் என்று. உண்மைதான். ஆனால் அதில் பேஸ் கிடாரை மிக்ஸிங்கில் அமுக்கி வைத்திருக்கிறார்கள். எந்தக் குழுவின் பேஸ் கிடார்காரர் அதற்குச் சம்மதிப்பார்?

ஒத்திகையில், எல்லோரும் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, பேஸைக் குறைத்து, கெயினையும் போதும் என்று தோன்றுவதற்குக் கொஞ்சம் கீழே வைத்து, மிடிலை மெதுவாக ஏற்றிப் பார்க்கலாம். ஓரிடத்தில் வால்யூமைத் தொடாமலே கிடார் முன்னால் வந்து நிற்கும். தனியாகக் கேட்டால் அந்த ஒலி மூக்கடைத்த மாதிரிதான் இருக்கும். இருக்கட்டும்.