எண்ணாயிரம் சுற்று

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் சிறு கடை ஒன்றை நாற்பது ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். எண்ணூர் வரையுள்ள பட்டறைகளிலிருந்து கருகிய மோட்டார்கள் என்னிடம் வந்து சேரும். பழைய செம்பைக் களைந்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றி உலர்த்திக் கொடுப்பது என் தொழில். இத்தொழிலுக்கும் இசைக்கும் உறவு உண்டென்று எவரேனும் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், இராயபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் என் இளைய மகன் ஒரு பெட்டியைப் பிரித்தான். பூச்சுப் பூசாத மரவுடல், கழுத்து, முறுக்காணிகள், காந்தங்கள், ஒயர்கள், ஒரு கைப்பிடித் திருகாணிகள். மின்சாரக் கிதாரின் உறுப்புகள் அவை. 1950ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர், கழுத்தைப் பசையிட்டு ஒட்டாமல் திருகாணியால் உடலோடு பிணைத்த கிதாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அந்த எளிய முறையினால்தான் இன்று உறுப்புகளை வாங்கி வீட்டிலேயே பூட்ட முடிகிறது.

பெட்டியைக் கண்டதும் எனக்கு 1977ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அப்போது எனக்குப் பதினான்கு வயது. காசு சேர்த்துப் புல்புல்தாரா ஒன்று வாங்கி வந்தேன். "நரம்புக் கருவி நம் வீட்டுக்குள் வேண்டாம்" என்றார்கள் வாப்பா. அன்றே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதே வாசகம் இப்போது என் நாவின் நுனியில் நின்றது.

நரம்பிசை குறித்து மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலக் கருத்து வேறுபாடு உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'இஹ்யா'வில் இசை கேட்டலுக்கென ஒரு தனிப் பகுதியே வகுத்து, பலவற்றை அனுமதித்தும் நரம்புக் கருவிகளைக் கடிந்தும் எழுதினார்கள். கொர்தோபாவின் இப்னு ஹஸ்ம் அவர்களோ, தடை கூறும் அறிவிப்புகள் வலுவற்றவை எனக் கொண்டார்கள். காயில் கட்டுகிறவன் தீர்ப்புரைக்கும் இடம் இதுவன்று. நான் வாய் திறக்கவில்லை. மகனும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அவன் மாடியில் தனியே வேலை செய்தான். கழுத்தின் தலைப்பகுதி வெட்டப்படாத பலகையாக வந்திருந்தது. அதைக் காசிமேட்டுப் படகின் அணியம் போல வளைத்து அறுத்து, உப்புத்தாள் தேய்த்து வழவழப்பாக்கினான். அரக்கைக் கரைத்துப் பூசியபோது, ஈரக் காற்றினால் மெருகு வெண்மை பூத்துப் போயிற்று. எல்லாவற்றையும் தேய்த்தெடுத்து, தை பிறந்து காற்று உலர்ந்த பிறகு மீண்டும் பூசினான். அவனுக்கு இத்தனை பொறுமை உண்டென்பதை நான் அதுவரை அறியேன்.

ஒருநாள் இஷாவுக்குப் பின் கடைக்கு வந்தான். கையெல்லாம் கரியாகும் தொழில் என்று பல ஆண்டுகளாக என் கடைப்படி ஏறாதவன் அவன். "வாப்பா, ஒரு காயில் செத்துப் போயிருக்கிறது. பார்த்துத் தருவீர்களா?" என்றான். மீட்டரை வைத்தேன்; முள் அசையவில்லை. உள்ளே கம்பி அறுந்திருந்தது.

அதன் தத்துவம் எனக்குப் பழக்கமானதே. மோட்டாரில் மின்சாரம் அசைவாகிறது; கிதாரில் அசைவு மின்சாரமாகிறது. காந்தத்தின் மேல் எஃகுத் தந்தி அதிரும்போது, காந்தத்தைச் சுற்றியுள்ள கம்பியில் நுண்ணிய மின்சாரம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்ட அதே உண்மைதான். ஆயினும் கம்பியோ தலைமயிரினும் பருமனில்லாதது. சுற்றோ ஏறத்தாழ எண்ணாயிரம். முதல் முறை மூவாயிரத்தில் அறுந்தது. இரண்டாம் முறை மகன் எண்ணிக்கைக் கருவியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வர, நான் மூச்சை அடக்கிக் கம்பியை விரலிடையே ஓடவிட்டேன். எண்ணாயிரம் முடிந்தபோது நள்ளிரவாகியிருந்தது.

அந்த இரவில் அவன் எனக்குப் பல செய்திகள் சொன்னான். 'ஊத்' என்ற அரபுச் சொல்லுக்கு மரம் என்பது பொருள். நாம் அத்தரோடு போற்றும் நறுமணக் கட்டைக்கும், அரபியரின் நரம்புக் கருவிக்கும் அதுவே பெயர். பக்தாதிலிருந்து 822இல் கொர்தோபா சேர்ந்த ஸிர்யாப், அக்கருவிக்கு ஐந்தாம் நரம்பைச் சேர்த்தார் என்பர். நம் காலத்தில் மாண்டலின் ஸ்ரீனிவாஸ், இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி கொண்ட மேனாட்டுக் கருவியை விடுத்து, ஐந்து தனித் தந்திகளுடைய மின்சார மாண்டலினில் கருநாடக இசையின் கமகங்களை வாசித்துக் காட்டினார். வந்ததை வந்தபடி ஏற்காமல், தம் பாட்டுக்கு ஏற்றபடி கருவியைத் திருத்திக்கொண்டவர்கள் அவர்கள்.

எல்லாம் பூட்டி ஒலிபெருக்கியில் இணைத்தபோது ஓயாத இரைச்சல் எழுந்தது. மகன் முகம் வாடினான். தந்திகள் தங்கும் பாலத்திற்கு எர்த் கம்பி கொடுக்கப்படவில்லை என்பதை என் கண் உடனே கண்டது. ஒரே பற்றவைப்பு, இரைச்சல் அடங்கியது. பிறகு அவன் ஒரு தந்தியை மீட்டினான். நாகூர் ஹனீபா அவர்களின் பாடல்களையன்றி இசையென்று வேறெதையும் விரும்பிக் கேட்டறியாத என் செவிக்கு அந்த ஒலி அந்நியமாகவே இருந்தது. ஆயினும் அதில் நான் சுற்றிய செம்பும் பேசிற்று.

என் வாப்பாவின் முடிவை நான் இன்றும் பழிக்கவில்லை. அவர்கள் தம் மனச்சான்றுக்கு உண்மையாக நடந்தார்கள். மகனிடம் இவ்வளவே சொன்னேன்: "இதில் நீ என்ன வாசிக்கிறாய் என்பதற்கு அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியவன் நீ. பாங்கு ஒலிக்கும்போது கை நிற்கட்டும்." அவன் தலையசைத்தான்.

கடைக் கணக்கேட்டில் ஒவ்வொரு மோட்டாரின் சுற்றும் எழுதி வைப்பது என் வழக்கம். அன்றைய பக்கத்தில் 'கிதார், 8,000' என்று எழுதி, கூலிக்குரிய இடத்தை வெறுமையாக விட்டேன். அவன் வாசிப்பது எனக்கு இன்னும் முழுதும் பிடிபடவில்லை. ஆனால் மாடிக் கதவைச் சாத்தும்படி நான் சொல்வதில்லை.