எண்ணெய் குட்டி போடாது

யாழ்ப்பாணத்திலை ஸ்போட்ஸ் காரா எண்டு சிரிக்கிறவைக்கு ஒரு செய்தி. 1958இல் பிரித்தானியாவில் வெளிவந்தது ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைட். தவளைக் கண் மாதிரி முகப்பு விளக்கு பிதுங்கி நிற்கிற சின்ன ஸ்போட்ஸ் கார். அதின்ரை பொனற்றைத் திறந்தால் உள்ளே இருப்பது 948 சீசீ எஞ்சின். எங்கட ஒழுங்கையளில் இண்டைக்கும் கல்யாண வீட்டுக்கும் கோயிலுக்கும் ஓடுகிற மொறிஸ் மைனர் 1000 காருக்குள்ளும் ஆரம்பத்தில் வந்தது அதே 948 சீசீ குடும்பம்தான். ஸ்பிரைட்டுக்கு இரண்டு எஸ்.யூ. காபரேற்றர், மைனருக்கு ஒண்டு. அது 43 குதிரைவலு, இது 37. எம்.ஜி.ஏ. எண்ட பேர்போன ஸ்போட்ஸ் காரின் 1489 சீசீ எஞ்சினின் சகோதரங்கள்தான் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜிலும் மொறிஸ் ஒக்ஸ்போட்டிலும் இந்தியாவின் அம்பாசிடரிலும் ஓடினவை.

ஆகவே ஸ்போட்ஸ் காருக்கு எந்த ஒயில் நல்லது எண்ட கேள்வியை யாழ்ப்பாணத்திலிருந்து கேட்க எங்களுக்கு முழு உரிமையும் இருக்கு. கேட்கவேண்டிய தேவையும் இருக்கு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருசமும் இருந்ததைப் பேணிக்கொண்டு ஓடினதுதான் கதை. அப்பப்பாவின் காரைத் தூசு தட்டி எடுத்த பெடியளும் பெட்டையளும் எங்களுக்குள்ளேயே கனபேர். யூடியூப்பைத் திறந்தால் ஒருவர் ‘ஃபுல் சிந்தெற்றிக் போடு’ எண்டுறார், மற்றவர் ‘றேசிங் ஒயில்தான் திறம்’ எண்டுறார். ரெண்டு பேருமே எங்கட எஞ்சினையோ எங்கட வெயிலையோ எங்கட கிணற்றையோ பார்த்ததில்லை.

எங்களுக்கு விளங்கின வரையில் ஒயில் தெரிவு எண்டது விலையிலும் லேபிளிலும் இல்லை. இந்த எஞ்சின் என்ன மாதிரிச் செய்யப்பட்டது, இந்த ஊரில் எப்படி ஓடுது எண்ட கணக்கில்தான் இருக்கு. இந்தக் கணக்கை யாழ்ப்பாணம் ஒருக்கால் மிகக் கஷ்டப்பட்டுப் படிச்சது.

1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்கின பிறகு பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றறி எல்லாம் தடைப் பட்டியலில். அப்ப இந்தப் பழைய ஒஸ்ரினும் மொறிசும்தான் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைச்சிருப்பினம். அதைக் காட்டி ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துவினம். ஊரே புகை மணக்கும். இதை வீட்டில் பெரியாக்கள் சொல்லக் கேட்காத ஆள் எங்களில் இல்லை. ஆனால் ஏன் அந்தக் கார்களால் அது முடிஞ்சது எண்டு ஆரும் சொல்லித் தந்ததில்லை. காரணம் எஞ்சினின் குறைந்த அமுக்கம். ஒஸ்ரின் ஏ40இல் அமுக்க விகிதம் 7.2க்கு 1. மண்ணெண்ணெய் அமுக்கம் கூடினால் நேரத்துக்கு முந்தியே வெடிச்சுத் தட்டும். குறைந்த அமுக்கத்தில் அந்தத் தட்டல் குறைவு. பிரித்தானியாவில் ஃபோட்சன் உழவு இயந்திரங்களும் இதே முறையில்தான் ஓடின: பெற்றோலில் கிளப்பி, சூடானதும் மலிவு எண்ணெய்க்கு மாத்துறது.

விலை கொடுத்தது எஞ்சின் ஒயில்தான். மண்ணெண்ணெய் பெற்றோல் மாதிரி லேசில் ஆவியாகாது. எரியாத துளிகள் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே சம்புக்குள் இறங்கும். அங்கே ஒயிலோடை கலந்து அதைத் தண்ணியாக்கும். டிப்ஸ்ரிக்கை இழுத்துப் பார்த்தால் ஒயில் மட்டம் குறையாமல் கூடியிருக்கும். பழைய கராஜ்காரர் ஒருவர் எங்களுக்குச் சொன்னார்: “தம்பியவை, ஒயில் ஏறியிருக்கெண்டு சந்தோஷப்படாதேங்கோ. எண்ணெய் குட்டி போடாது. ஏதோ உள்ளுக்கை வந்திட்டுது எண்டுதான் அர்த்தம்.” அவர் டிப்ஸ்ரிக்கை மணந்து பார்ப்பார், ரெண்டு விரலுக்கிடையில் தேய்ச்சுப் பார்ப்பார். ஆய்வுகூடம் இல்லாத காலத்து ஆய்வு அது. இண்டைக்குப் பெற்றோலில் ஓடுகிற காருக்கும் அந்தச் சோதனை பொருந்தும். காபரேற்றர் வழிஞ்சாலோ, சோக்கை இழுத்தபடியே ஓடினாலோ பெற்றோலும் இதே வழியால்தான் ஒயிலுக்குள் இறங்கும்.

இனிக் கடைக்குப் போவம். போத்தலில் 20டபிள்யூ-50 எண்டு இருக்கும். டபிள்யூவோடை வருகிற முதல் இலக்கம் குளிரில் ஒயில் எவ்வளவு லேசாக ஓடும் எண்டு சொல்லுது. இரண்டாவது, 100 பாகை செல்சியசில் அது எவ்வளவு தடிப்பாக நிற்கும் எண்டு சொல்லுது. கனடாவில் பனிக்குள் கார் கிளப்புறவைக்கு முதல் இலக்கம் உயிர்ப் பிரச்சினை. எங்கட ஊரில் மார்கழியிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே போறது அரிது. ஆகவே பழைய எஞ்சினுக்கு 0டபிள்யூ எண்ட எழுத்துக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. இன்னொண்டு, மைனர், ஸ்பிரைட் எஞ்சின்களின் பின்பக்கத்தில் இறுக்கமான இறப்பர் சீல் கிடையாது. ஒயிலைத் திருப்பித் தள்ளுகிற ஒரு சுருள் தவாளிப்பு மட்டும்தான். மெல்லிய ஒயிலை ஊத்தினால் அது போர்ட்டிக்கோ நிலத்தில் கோலம் போடும்.

அடுத்தது போத்தலின் பின்பக்கத்துச் சின்ன எழுத்து. இந்த எஞ்சின்களில் வால்வைத் தூக்குகிற கேம்ஷாப்ற், தட்டையான இரும்பு முகத்தில் வழுக்கிக்கொண்டு சுத்தும். உருளை கிடையாது. அந்த இடத்தைக் காப்பாற்றுவது ஒயிலில் கலந்திருக்கிற நாகமும் பொஸ்பரசும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள். புதுக் கார்களின் புகைவடிகட்டியைப் பொஸ்பரஸ் பழுதாக்கும் எண்டதால் 2004இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். தரம் மெல்லிய ஒயில்களில் அதைக் குறைச்சது. 20டபிள்யூ-50 மாதிரித் தடிப்பான ஒயில்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே சாதாரண மினரல் 20டபிள்யூ-50, பழைய எஞ்சினுக்கு ஏழைத் தெரிவு இல்லை, சரியான தெரிவு.

ஆனால் இதை வாசிச்சுப்போட்டுப் புது ஸ்போட்ஸ் காருக்கும் 20டபிள்யூ-50 ஊத்தவேண்டாம். அந்த எஞ்சின்களில் வால்வு நேரத்தை மாத்துகிற பொறியே ஒயில் அமுக்கத்தில்தான் வேலை செய்யுது, அதுவும் நூல் மாதிரி ஓட்டைகளுக்குள்ளால். ரேர்போ இருந்தால் சூடு வேறை. அங்கே கைநூலில் போட்டிருக்கிற இலக்கம்தான் வேதம்.

‘றேசிங்’ எண்ட சொல்லுக்கு ஒரு பழைய கதை இருக்கு. சார்ள்ஸ் வேக்ஃபீல்ட் எண்டவர் 1899இல் தொடங்கின கம்பனி, 1909இல் ஆமணக்கெண்ணெய் கலந்த ஒரு ஒயிலை வெளியிட்டது. ஆமணக்கின் ஆங்கிலப் பேரிலிருந்துதான் அதுக்குக் காஸ்ற்றோல் எண்ட பேர் வந்தது. அம்மம்மா எங்களுக்கு வயிறு கழுவத் தந்த அதே எண்ணெய், ஓட்டப் பந்தயக் கார்களிலும் முதலாம் உலகப்போர் விமானங்களிலும் சுத்தினது. கொடும் சூட்டிலும் உலோகத்தை விடாமல் பிடிக்கும். ஆனால் நாள்பட நிண்டால் பிசினாகி ஒட்டிப்போகும். பந்தய எஞ்சினை அடிக்கடி கழட்டித் துடைப்பினம், அதாலை பரவாயில்லை. நாங்கள் ஓடுறது ஊருக்குள் மணிக்கு 50, வெளியே 70 கிலோமீற்றர் வேகக் கட்டுப்பாடு உள்ள ரோட்டில். பந்தயத்துக்குச் செய்தது எண்டால் எல்லா இடத்துக்கும் திறம் எண்டு அர்த்தமில்லை.

எங்கட உண்மையான பிரச்சினை வேகமில்லை, தூரம். யாழ்ப்பாண நகரத்திலிருந்து பருத்தித்துறைக்கே 35 கிலோமீற்றருக்குள்தான். மற்ற ஓட்டம் எல்லாம் சந்தைக்கும் கோயிலுக்கும். எஞ்சின் முழுதாகச் சூடேற முதலே நிறுத்துறம். அப்ப உள்ளே படிகிற நீராவியும் பெற்றோலும் ஆவியாகிப் போக நேரமில்லை. ஆகவே ‘இன்னும் ஆயிரம் கிலோமீற்றர்கூட ஓடேல்லை’ எண்டு ரெண்டு வருசம் ஒரே ஒயிலை வைச்சிருக்கக்கூடாது. ஓடினாலும் ஓடாட்டிலும் வருசத்துக்கு ஒருக்கால் மாத்துறது நல்லம்.

மற்ற எண்ணெய்களில் சின்னதிலிருந்து தொடங்குவம். எஸ்.யூ. காபரேற்றரின் தலையில் ஒரு சின்ன மூடி இருக்கு. அதுக்குள் கொஞ்சம் மெல்லிய ஒயில் நிக்கவேணும். அது வத்தினால் அக்சிலரேற்றரை மிதிக்கேக்குள்ளை கார் திக்கித் திணறும், நாங்கள் பிளக்கை மாத்திக்கொண்டிருப்பம். மைனரின் கியர்பொக்சுக்கு எஞ்சின் ஒயில்தான், பின் அச்சுக்கு 90 இலக்கக் கியர் ஒயில். புது ஸ்போட்ஸ் கார்களின் கியர்பொக்சுக்குக் கனவிடத்தில் ஜீ.எல்.-4 கேட்பினம். ஜீ.எல்.-5 இலக்கம் பெரிசு எண்டு அதை ஊத்தினால், அதிலிருக்கிற கந்தகச் சேர்க்கை பித்தளைப் பாகங்களை அரிக்கக்கூடும்.

பிரேக் ஒயில் விசயத்தில் விளையாட்டு இல்லை. டொட் 4 புதிசாய் இருக்கேக்குள்ளை ஆகக் குறைஞ்சது 230 பாகையில்தான் கொதிக்கும். அது காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும் சாமான். ஈரம் ஊறினபிறகு அந்த எல்லை 155க்கு இறங்கிவிடும். மூண்டு பக்கமும் கடலும் மற்றப் பக்கம் களப்புமாய் இருக்கிற எங்கட ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. கொதிச்சால் குழாய்க்குள் ஆவிக் குமிழி வரும், பெடல் நிலத்தோடை போகும். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கால் மாத்தவேணும். திறந்து வைச்ச பழைய போத்தலை ‘மிச்சம் கிடக்கு’ எண்டு ஊத்தக்கூடாது. பேர் ஒயில் எண்டாலும் அது கிளைக்கோல். அவசரத்துக்கு எஞ்சின் ஒயிலை அதுக்குள் விட்டால் இறப்பர் வளையங்கள் ஊதிப் பிரேக்கே செத்துப்போகும். டொட் 5 சிலிக்கன், அது மற்ற எதோடையும் சேராது. டொட் 5.1 திரும்பவும் கிளைக்கோல். இந்த ஒரு புள்ளியைக் கவனமாய் வாசியுங்கோ.

றேடியேற்றருக்குக் கிணத்துத் தண்ணி விடுறது எங்கட பரம்பரைப் பழக்கம். வீட்டுக் கேத்திலின் அடியைப் பாருங்கோ, வெள்ளை வெள்ளையாய்ச் சுண்ணாம்பு படிஞ்சிருக்கும். அதுதான் றேடியேற்றரின் மெல்லிய குழாய்க்குள்ளும் படியுது. வடிச்ச தண்ணியோடை கூலன்ற் கலந்து விடுறதுதான் வழி. இங்கே உறைபனி இல்லைத்தான். ஆனாலும் கூலன்ற் கொதிநிலையைக் கூட்டும், துருவைத் தடுக்கும். அது இனிக்கும், நஞ்சு. நாய் பூனை நக்காத, குழந்தையள் தொடாத இடத்தில் வையுங்கோ.

கேத்திலில் படிகிற அந்தச் சுண்ணாம்பு இன்னொண்டையும் சொல்லுது. எங்களுக்கு வத்தாத ஆறு ஒண்டும் இல்லை. நாங்கள் குடிக்கிறது இந்தச் சுண்ணக்கல்லுக்குள் தேங்கி நிக்கிற மழைத் தண்ணி. நிலாவரையும் கீரிமலைக் கேணியும் அந்தக் கல்லின் பிள்ளையள்தான். அது வெடிப்பும் பொந்துமான கல். மேலே ஊத்துறது கீழே போகக் கனநாள் எடுக்காது.

மைனரிலிருந்து ஒருக்கால் கழட்டுகிற பழைய ஒயில் மூண்டரை லீற்றருக்கு மேலே வரும். அதில் உலோகத் துகளும், எரிஞ்ச எண்ணெயில் உண்டாகிற புற்றுநோய்ச் சேர்மங்களும் இருக்கு. அது எங்கே போகுது? வேலிக் கட்டைக்குக் கறையான் மருந்தாய், புழுதி அடங்க ஒழுங்கைக்கு, இல்லாட்டி கராஜின் பின்வளவுக்கு. சுன்னாகம் அனல்மின் நிலையத்தைச் சுற்றின கிணறுகளில் எண்ணெய் கலந்ததை எங்கட தலைமுறை கண்ணால் கண்டது. சனம் வீதிக்கு இறங்கிப் போராடினது, வழக்குப் போட்டது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்டவைக்கு 2 கோடி ரூபா கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளிச்சது. ஒரு மின் நிலையத்தை நோக்கி விரல் நீட்ட எங்களுக்கு நியாயம் இருந்தது. அந்த நியாயம் எங்கட வளவுக்கும் பொருந்தவேணும்.

ஆகவே புது ஒயில் வாங்கேக்குள்ளையே பழசுக்கு ஒரு கான் எடுத்து வைப்பம். வெறும் போத்தலிலேயே திருப்பி ஊத்தி இறுக்கி மூடலாம். பிரேக் ஒயிலையும் கூலன்றையும் அதோடை கலக்காமல் வேறையாய் வைக்கவேணும். பழைய ஒயிலைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிற ஆக்களோடை தொடர்பு உள்ள சேர்விஸ் நிலையத்தில் கொடுக்கவேணும். உங்கட ஊர்க் கராஜில் அடுத்தமுறை ‘எந்த ஒயில் நல்லம்?’ எண்டு கேட்கேக்குள்ளை, ‘கழட்டினதை எங்கை ஊத்துறியள் அண்ணை?’ எண்டும் சேர்த்துக் கேளுங்கோ.