பெயரில்லாத வலி

ஆணுக்கு ஒரு குறை வந்தால் அதற்குப் பெயர் இருக்கிறது: ஆண்மைக்குறைவு. வடக்கனந்தலில் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சி போய்ச் சேர்வதற்குள் சுவர்களில் நாலைந்து முறையாவது அதைப் படித்துவிடலாம். எந்தத் தேதியில் எந்த லாட்ஜில் வைத்தியர் தங்குவார் என்பதுவரை எழுதியிருக்கும். பெண்ணுக்கு வருவதற்குப் பெயரே இல்லை. பெயரில்லாத நோய்க்கு யார் மருந்து கேட்பது?

என் சின்னம்மா மகள் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஓராண்டு வலியோடு கிடந்தாள். "ராத்திரி ஆனாலே பயமா இருக்குதுக்கா" என்றாள். ஒரு கிளினிக்கில் சொல்லிப் பார்த்திருக்கிறாள். "ரெண்டு புள்ள பெத்தவளுக்கு என்ன வலி?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். பிறகு நாங்கள் பார்த்த மகளிர் மருத்துவர்தான் கேள்விகள் கேட்டார். தாய்ப்பால் கொடுக்கிறாயா? தையல் போட்ட இடம் வலிக்கிறதா? வீட்டில் நிம்மதியாக இருக்கிறாயா? பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து யோனி வறண்டுபோகும் என்று விளக்கி, ஜெல்லியும் க்ரீமும் எழுதிக் கொடுத்தார். "இதுக்கெல்லாம் மருந்து இருக்காக்கா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

இருக்கிறது. மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சிக்கும் இதே ஜெல்லி, க்ரீம்தான். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் ஈஸ்ட்ரோஜன் க்ரீமைத் தொடக்கூடாது. தேங்காய் எண்ணெய் தடவினால் ஆணுறை கிழியும். பயத்தில் யோனித் தசை தானாக இறுகிக்கொள்வதை வஜைனிஸ்மஸ் என்கிறார்கள். தசைப்பயிற்சி, விரல் பருமனில் தொடங்கும் டைலேட்டர், மனநல ஆலோசனை மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் சரியாகும். சர்க்கரை நோய், தைராய்டு, மனச்சோர்வுக்குத் தின்னும் சில மாத்திரைகள்கூட ஆசையைக் குறைக்கும். மருத்துவரிடம் சொன்னால் மாத்திரையை மாற்றித் தருவார்.

எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை கிடையாது. 1998இல் அமெரிக்காவில் வயாகராவுக்கு அனுமதி கிடைத்தது. அதைப் பெண்களிடம் சோதித்துவந்த ஃபைசர் நிறுவனம் 2004இல் முயற்சியைக் கைவிட்டது. ஆசைக்குறைவுக்கென்று ஃபிளிபான்செரின் 2015இல் வந்தது. 'பெண் வயாகரா' என்றார்கள். ஆனால் வயாகரா இரத்த ஓட்டத்தைக் கூட்டுவது. இது மூளையின் ரசாயனங்களை மாற்றுவது. தினமும் இரவில் விழுங்க வேண்டும். பலன் கொஞ்சம், தலைச்சுற்றலும் தூக்கமும் உண்டு.

பகலெல்லாம் கரும்புக் கொல்லையில் வேலை செய்து, இரவு பாத்திரம் கழுவிப் படுப்பவளுக்கு ஆசை வராதது நோயல்ல, அசதி. குடித்துவிட்டு அடிக்கிறவன்மேல் ஆசை வராததும் நோயல்ல. அதற்கு மாத்திரை தேடுவது அவளை அவனுக்குத் தயார்செய்வதுதான்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும், பதினெட்டு வயது நிரம்பிய மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்துவதை வல்லுறவு என்று சொல்வதில்லை. அதனால்தான் சிகிச்சை யாருக்காக என்ற கேள்வியை விடக்கூடாது. அவள் வலி தீர வேண்டும், அவளுக்குச் சுகம் கிடைக்க வேண்டும். உடம்பு முழுக்கக் குணமான பிறகும் "இன்னைக்கு வேணாம்" என்று அவள் சொன்னால், அந்தப் பேச்சு அந்த வீட்டில் எடுபட வேண்டும்.