முகத்துக்கு அளந்த வெளிச்சம்

கஞ்சிங் அருவியில் நல்ல வெளிச்சம் இருக்கும் நேரத்தில் ஆட்கள் இருக்கமாட்டார்கள். ஆட்கள் இருக்கும் நேரத்தில் நல்ல வெளிச்சம் இருக்காது. கேமராவைத் தூக்கிக்கொண்டு அங்கே போகிற எல்லாருக்கும் இது தெரியும். அதனால்தான் இணையத்தில் கொண்டாடப்படும் கஞ்சிங் படங்களில் ஒரு ஈ காக்கா கூட இருக்காது. பாசி படிந்த பாறை, பட்டுத்துணி போல வழுக்கி விழும் தண்ணீர், பின்னால் காடு. அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அதே பாறையில் எத்தனை துண்டு காயும், எத்தனை பிள்ளைகள் கத்தும், எத்தனை சாப்பாட்டுப் பாத்திரம் திறந்திருக்கும் என்று அந்தப் படங்களைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

போகாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரிலிருந்து வடக்கே, செலாயாங்கைத் தாண்டி ரவாங் போகும் பழைய சாலையின் ஓரத்தில் இருக்கிறது கஞ்சிங் வனப்பூங்கா. அருவி ஏழு படிகளாக இறங்குகிறது. கீழ்ப்படிகளில் குடும்பங்கள் இருக்கும். மேலே ஏற ஏற மூச்சு வாங்கும், கூட்டம் குறையும். பையைத் திறந்து வைத்தால் குரங்கு வந்து பிடுங்கும். பக்கத்திலேயே டெம்ப்ளர் பூங்கா. சாலையிலிருந்து பார்த்தால் தனியாக நிற்கும் சுண்ணாம்புக் குன்று, புக்கிட் தாக்குன். பத்துமலைக்குப் போய்விட்டு அப்படியே வண்டியை வடக்கே விட்டு, ஒரு குளியல் போட்டுவிட்டு வீடு திரும்புவது கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பழகிப்போன ஞாயிறு.

வெளிச்சம் ஏன் இவ்வளவு கடினம்? முதல் காரணம் நாம் இருக்கும் இடம். கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு 3 பாகை வடக்கே இருக்கிறது. சூரியன் இங்கே சரிந்து ஏறாது, ஏணி வைத்த மாதிரி நேராக ஏறும். ஆண்டின் எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் உச்சிவேளைச் சூரியன் 63 பாகைக்குக் கீழே வராது. வெளிநாட்டுக் காணொளிகளில் ‘பொன் நேரம்’ என்று சொல்லும் அந்த மஞ்சள் வெளிச்சம் நமக்குக் காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம்தான். 1982-இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதால் நம் உண்மையான உச்சிவேளை மதியம் ஒன்றேகால் வாக்கில் விழுகிறது. பதினொரு மணிக்கு வந்து சேரும் குடும்பம் நான்கு மணி வரை இருந்தால், அந்த நாளின் மிகக் கொடூரமான வெளிச்சம் முழுவதையும் அது அருவியிலேயே கழிக்கிறது.

இரண்டாவது காரணம் காடு. அடர்ந்த மழைக்காட்டின் தரையை எட்டுவது மேலே விழும் வெளிச்சத்தில் நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்குதான். ஆனால் ஆறு ஓடும் இடத்தில் மட்டும் மரக்கூரை பிளந்திருக்கும். அந்த இடுக்கு வழியாக வெயில் நேராக நுரையின் மேல் விழும். இரண்டு முழம் தள்ளிக் கரையில் உட்கார்ந்திருப்பவர் நிழலில் இருப்பார். வெளிச்சம் இரட்டிப்பதைப் புகைப்படக்காரர்கள் ஒரு ஸ்டாப் என்பார்கள். நூறு மடங்கு என்றால் ஆறரை ஸ்டாப். நுரை வெள்ளை, நனைந்த பாறை கறுப்பு என்பதால் இன்னும் மூன்று நான்கு ஸ்டாப் கூடும். மொத்தம் பத்தைத் தாண்டிவிடும். நல்ல கேமரா அதை ஒருமாதிரி வாங்கிக்கொள்ளும். காகிதத்தில் அச்சடித்தால் ஆறேழு ஸ்டாப்புக்கு மேல் நிற்காது. ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும்.

நான் வேலை செய்வது மின்னணுச் சில்லுகளைக் கேமரா வைத்துச் சோதிக்கும் பிரிவில். அங்கே வெளிச்சத்தை நாங்கள் வளையமாகவும் பட்டையாகவும் வேண்டிய கோணத்தில் கட்டிவைப்போம். சென்சாரின் ஒரு புள்ளி நிரம்பி வழிந்துவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு ஒளி வந்தாலும் அதற்கு எல்லாம் ஒரே வெள்ளைதான் என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லித் தருவது. அதனால் வெள்ளையைக் காப்பாற்று, இருட்டைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம் என்பது விதி. அருவி எடுப்பவர்களின் விதியும் அதுவேதான். நுரை வெந்துவிடக் கூடாது, நிழல் போனால் போகட்டும்.

அந்த நிழலில்தான் என் குடும்பம் உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் வீட்டு ஆல்பத்தைத் திறந்தால் இது புரியும். அருவி பளிச்சென்று இருக்கும். முன்னால் நாலைந்து சட்டைகள், ஒரு சேலை, சில பற்கள். “அருவி மட்டும் மாப்பிள்ளை மாதிரி இருக்கு, நாங்கல்லாம் கரிக்கட்டையாட்டம் இருக்கோம்” என்பார் பெரியம்மா. சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், விழும் ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும் ஒரு சாம்பல். காட்சியில் பெரும்பகுதி வெள்ளை நுரை என்றால் அதைச் சாம்பலாக்க எல்லாவற்றையும் இருட்டாக்கும். வெள்ளைத்தோல் அதையும் தாங்கிக்கொண்டு முகமாகவே நிற்கும். நம் தோல் தாங்காது, பாறையோடு பாறையாகிவிடும்.

இதில் இயற்பியல் மட்டும் இல்லை. 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு ஓர் அட்டையை அனுப்பி வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பார். அவர் தோல் சரியாக விழுந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று பொருள். ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். கரிய நிறங்களின் நுணுக்கம் படச்சுருளில் சரியாக விழவில்லை என்ற புகார்களில் கோடாக்கின் காதில் ஏறியவை சாக்லேட் விற்றவர்களும் மரச்சாமான் விற்றவர்களும் சொன்னவை என்று கனடா ஆய்வாளர் லோர்னா ரோத் 2009-இல் எழுதியிருக்கிறார். பல நிறத்தவரும் இருக்கும் அட்டைகள் பரவலானது 1990களில். பெரியம்மாவின் முகத்துக்காகப் புகார் செய்ய யாரும் இல்லை.

ஆல்பத்தில் ஒரு படம் 1998 வாக்கில் எடுத்தது. பாட்டி கஞ்சிங் பாறையில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் இருப்பது நான், தொப்பி மட்டும் தெரியும். பாட்டிக்கு முகம் இல்லை. வெள்ளைச் சேலைக்கு மேலே ஓர் இருட்டு வட்டம். நான் படிவம் மூன்றில் இருந்தபோது அவர் இறந்தார். காரியத்துக்குப் படம் வேண்டும் என்று அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்தோம். ஸ்டுடியோவில் கேட்காமலேயே வெள்ளையாக்கிக் கொடுத்தார்கள். மாலை போட்ட பிறகு பெரியம்மா என் காதோடு சொன்னார், “இது யாரு வீட்டுப் பாட்டிடா?”

போன ஆண்டு அந்த நெகட்டிவ் கிடைத்தது. பங்சாரில் நான் வாடகைக்கு இருக்கும் அறையில், கீழிருந்து ஒளி தரும் பலகையில் வைத்துப் பார்த்தேன். பங்சார் என்ற பெயரே புங்கே, கிரிசார் என்ற இரண்டு பெல்ஜியக்காரர்களின் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தது என்பார்கள். பால்மரம் வெட்டிய பாட்டியின் படத்தைப் பார்க்கப் பொருத்தமான இடம்தான். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். அருவி கறுப்பாகக் கட்டிபட்டிருந்தது. பாட்டியின் முகம் கிட்டத்தட்டக் கண்ணாடி. ஆனால் வெறும் கண்ணாடி இல்லை. அச்சு இயந்திரம் தூக்கியெறிந்த கொஞ்சம் மிச்சம் அதில் இருந்தது. அருவியை முழுக்க வெள்ளையில் கரையவிட்டு, முகத்துக்கு மட்டும் அளந்து தூக்கினேன். புள்ளி புள்ளியாக ஒரு கன்னம் வந்தது, பிறகு கண். அம்மாவுக்குக் கைபேசியில் அனுப்பினேன். “மூக்குத்தி தெரியுது பாரு” என்று மட்டும் பதில் வந்தது.

மலையையும் அருவியையும் எப்படி எடுக்கவேண்டும் என்ற இலக்கணத்தை நாம் பெரும்பாலும் ஆன்சல் ஆடம்ஸிடமிருந்து வாங்கியிருக்கிறோம், அவர் பெயர் தெரியாதவர்கள் உட்பட. கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கு அவருடைய களம். டிசம்பரில் அங்கே உச்சிவேளைச் சூரியனே 29 பாகைதான், நம் காலை ஒன்பதரை மணி மாதிரி. அந்தப் புகழ்பெற்ற படங்களில் பெரும்பாலும் மனிதர்கள் இல்லை. அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த அவானீச்சி மக்களை 1851-இல் ஆயுதப்படை விரட்டியது என்பது அவற்றைப் பார்ப்பவருக்குத் தோன்றாது. ஆடம்ஸ் மனிதர்களைப் பார்க்காதவர் என்று சொல்வதும் நியாயமில்லை. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை அடைத்துவைத்த மன்சனார் முகாமுக்கு 1943-இல் போய், முகங்களை நெருங்கி நெருங்கி எடுத்தவர் அவர். ஃபிரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய மண்டல முறையின் சாரம் எனக்கு இன்றும் உதவுகிறது. ஒளிமானி அளவைச் சொல்லும், அதை எந்தப் படியில் வைப்பது என்பது எடுப்பவரின் முடிவு. அந்த முறையில் வெள்ளைத்தோலுக்கு ஆறாம் படி. கருந்தோலும் சாம்பல் கல்லும் ஐந்தாம் படியில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்.

நம் அருவிக்கரைக்கும் ஒரு வரலாறு உண்டு. டெம்ப்ளர் பூங்காவுக்குப் பெயர் தந்த ஜெரால்ட் டெம்ப்ளர், அவசரகாலத்தில், 1952 முதல் 1954 வரை பிரிட்டிஷ் உயர் ஆணையராக இருந்தவர். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்விடக் கூடாதென்று தோட்டக் கதவுகளில் வேலைக்குப் போகிறவர்களைச் சோதித்த காலம். பாட்டி அப்போது சிறுமி. “கேட்டுல பைய தடவுவாங்க. ஒரு பிடி சோறு வெளிய கொண்டுபோவ முடியாது” என்பார். அந்தத் தலைமுறை பின்னாளில் புளிச்சோறும் கோழிப் பிரட்டலும் கட்டிக்கொண்டு அதே காட்டோரம் போய், பாறைமேல் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டது. அந்தப் பாத்திரங்களைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட்டு எடுத்தால் எனக்கு அது கஞ்சிங் இல்லை.

அதனால் இப்போது ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத்தான் போகிறேன். முக்காலி கிடையாது. செய்வது மூன்று காரியம். முதலில், அருவிக்கு முதுகைக் காட்டி நான் நிற்கிறேன், மக்கள் அருவியைப் பார்த்து நிற்கிறார்கள். வெயில் பட்ட நுரை மாதிரி ஒரு பிரதிபலிப்பான் எந்த ஸ்டுடியோவிலும் கிடையாது. அது முகங்களில் மெதுவாக வெளிச்சத்தை இறைக்கும். பின்னணியில் இருண்ட காடு. இரண்டாவது, முகத்தில் மட்டும் புள்ளி அளவு எடுக்கிறேன். ஓரத்தில் நுரை வெந்து வெள்ளையானால் ஆகட்டும். மூன்றாவது, போலரைசர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போடுகிறேன். பாறையிலும் இலையிலும் பளபளப்பை அறுத்து நிறத்தைக் கூட்ட எல்லாரும் அதைப் போடுவார்கள். ஆனால் நனைந்த கருந்தோலுக்கு அந்தப் பளபளப்புதான் உருவம். கன்ன மேடும் தோள்முனையும் மூக்குநுனியும் அதில்தான் தெரியும். அதை அறுத்தால் முகம் தட்டையாகிவிடும்.

ஒருநாள் ஓர் அக்கா கூப்பிட்டார். “தம்பி, கேமரா பெருசா இருக்கே, எங்கள ஒரு படம் புடிங்க. கறுப்பா விழுந்துரும், கொஞ்சம் வெள்ளையாக்கி அனுப்புங்க என்ன?” அவரையும் இரண்டு பிள்ளைகளையும் அருவியைப் பார்க்கத் திருப்பி நிறுத்தி எடுத்தேன். பின்திரையில் காட்டினேன். கேமராவை என் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “ம். நானேதான்” என்றார். பிறகு, “வெள்ளையாக்க வேணாம் தம்பி. இப்படியே அனுப்புங்க.”

கைபேசி இதையெல்லாம் சரிசெய்துவிட்டதே என்று கேட்கலாம். பாதி சரி. ஒரே நொடியில் பல படம் எடுத்து ஒட்டி, அருவியையும் காட்டி முகத்தையும் காட்டுகிறது. 2021-இல் கூகுள் தன் பிக்சல் 6 கைபேசியில் கருந்தோலைச் சரியாகக் காட்டுவதற்கென்றே தனிவசதி செய்தது. ஆனால் நம் கைகளில் இருக்கும் பல கைபேசிகளில் ‘அழகாக்கும்’ வசதி இருக்கிறது, அதற்குத் தெரிந்த அழகு பெரும்பாலும் வெளுப்பு. ஸ்டுடியோக்காரர் பாட்டிக்குச் செய்ததை அது கேட்காமலேயே நொடியில் செய்துவிடும். யாருடைய முகத்துக்கு அளப்பது என்ற முடிவை அப்போது எடுப்பவர், நம்மைப் பார்த்தேயிராத ஒரு மென்பொருள் பொறியாளர். அவர் வேலையும் என் வேலையும் ஒன்றுக்கொன்று தூரமில்லை என்பது எனக்குத் தெரியும்.

கஞ்சிங்கில் மிக நல்ல வெளிச்சம் உண்மையில் பிற்பகலில் ஒருமுறை வரும். மூன்று மணி வாக்கில் மேகம் திரண்டு வெயிலை மூடும்போது, ஆறும் கரையும் முகமும் இரண்டு மூன்று ஸ்டாப்புக்குள் வந்துவிடும். நுரையும் தெரியும், கண்ணும் தெரியும். ஆனால் நிற்க முடியாது. மேலே மழை பெய்தால் கீழே தூறல் விழுமுன்பே தண்ணீர் திடீரென்று பெருகி இறங்கும், மலாயில் கெப்பாலா ஆயர் என்பார்கள். தண்ணீர் கலங்கினாலோ சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ அதுதான் எச்சரிக்கை. பெரியவர்கள் வானத்தைப் பார்த்ததும் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கத்த ஆரம்பிப்பார்கள். துண்டு பிழிவார்கள், பாத்திரத்தை மூடுவார்கள், ஒற்றைச் செருப்பைத் தேடுவார்கள். நான் கடைசியாக எடுப்பது அதைத்தான். கால்மணி நேரம் கிடைக்கும். பிறகு நானும் கேமராவைத் துணியில் சுற்றிக்கொண்டு அவர்கள் பின்னால் படியேறிவிடுவேன்.