தங்கைக்கு ஒரு கேமரா, மலாக்காவில் ஒரு சுற்று

லென்ஸ் மாற்றும் கேமரா ஒன்றைத் தங்கைக்குத் தீபாவளிப் பரிசாகத் தர நினைத்தேன். எதை வாங்குவது என்று கடையைவிட மலாக்காதான் எனக்கு அதிகம் சொல்லித் தந்தது.

ஜாலான் துக்காங் எமாஸில் 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத மூர்த்தி விநாயகர் ஆலயம் இருக்கிறது. தெரு குறுகல், பின்னால் நகர்ந்து நிற்க இடமில்லை. முகப்பு முழுதாக விழ அகலக் கோணம் வேண்டும். கேமராவோடு வரும் 18-45 மி.மீ. லென்ஸே இதற்குப் போதும்.

தோட்டப்புறம் வேறு கதை. டான் சே யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட மாநிலம் இது. பால்மரம் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை. பட்டப்பகலிலும் நிழல் அடர்த்தி. லயத்து வீட்டுக்குள் இன்னும் மங்கல். அங்கே 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் கைகொடுக்கும். எஃப் 6.3-ஐவிட ஏறத்தாழ 12 மடங்கு ஒளியை உள்ளே விடும். பாட்டியின் முகச் சுருக்கங்கள் ஃபிளாஷ் இல்லாமலே பதியும்.

ஆகவே விலையேறிய கேமரா வேண்டாம். எளிய கேமராவும் இந்தச் சின்ன லென்ஸும் போதும். தங்கைக்கு வாங்கியதும் அதுதான். உறையைப் பிரித்த வாரமே தோட்டத்துக்குக் கிளம்புங்கள். லயங்கள் காலியாகி வருகின்றன. அடுத்த தீபாவளிக்குள் எத்தனை கதவுகள் பூட்டியிருக்குமோ!